தீயணைப்பு பம்புக்குத் தனி அறை எதற்கு? எங்கே, எப்படி அமைப்பது?

மதுரையில் ஓர் அடுக்குமாடிக்கோ மருத்துவமனைக்கோ திருமண மண்டபத்துக்கோ தீயணைப்புத் துறையின் சான்றைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் பெரும்பாலும் இந்தப் பேச்சு எழுகிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் எழுதித் தரும் குறைகளில் ‘நெகட்டிவ் சக்‌ஷன்’, ‘பம்பு அறைக்கு நேரடி வழி இல்லை’, ‘ஃபயர் பம்புக்குத் தனி மின் இணைப்பு இல்லை’ என்பது போன்ற வரிகள் இருக்கும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டியதும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, ஹோஸில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, அப்புறம் ஏன் லட்சக்கணக்கில் செலவு செய்து அறையை மாற்றச் சொல்கிறார்கள்?

நியாயமான கேள்வி. சாதாரண நாளில் பம்பு ஓடுவது வேறு. கட்டடம் எரிந்துகொண்டிருக்க, மின்சாரம் துண்டிக்கப்பட்டு, படிக்கட்டு முழுக்கப் புகை மண்டியிருக்கும்போது அதே பம்பு ஓடுவது வேறு. அறை பற்றிய விதிகள் அத்தனையும் அந்த இரண்டாவது நிலைமையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அடிப்படையிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

## வீட்டு மோட்டாரும் ஃபயர் பம்பும்

நமக்குப் பழக்கமானது சம்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். அதன் ஸ்டார்ட்டருக்கு முக்கிய வேலை மோட்டாரைக் காப்பாற்றுவது. தண்ணீர் தீர்ந்தாலும், வோல்டேஜ் குறைந்தாலும், சூடேறினாலும் அது நின்றுவிட வேண்டும். காயில் எரிந்தால் ரீவைண்டிங் செலவு, இரண்டு நாள் தண்ணீர்த் திண்டாட்டம். ஆகவே நிறுத்திவிடுவதே புத்திசாலித்தனம்.

ஃபயர் பம்பில் கணக்கு தலைகீழ். மோட்டார் எரிந்து போனாலும் பரவாயில்லை, தீ அணையும்வரை அது ஓட வேண்டும். தீயணைப்பு பம்புகளுக்கு உலகெங்கும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படும் என்எஃப்பிஏ 20 என்ற அமெரிக்கத் தரநிலை, சாதாரண மோட்டாருக்கு வைக்கும் ஓவர்லோடு ரிலேயை (சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரைக் காக்கும் கருவி) இதற்கு வைக்க விடுவதில்லை. ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ, தண்டு சுழலாமல் இறுகிப்போனாலோ மட்டும்தான் மின்சாரம் துண்டிக்கப்படலாம்.

இன்னொன்று: குழாயில் அழுத்தம் இறங்கியதும் பிரதான பம்பு தானாகத் தொடங்க வேண்டும், ஆனால் தானாக நிற்கக் கூடாது என்பதே நம் நாட்டு நடைமுறை. தேவை முடிந்தது என்று ஓர் ஆள் முடிவுசெய்து, பம்பு இருக்கும் இடத்துக்குப் போய்க் கையால் நிறுத்த வேண்டும். அப்படியானால் அந்த இடம், கட்டடம் எரியும்போதும் ஓர் ஆள் போய்வரக்கூடிய இடமாக இருக்க வேண்டுமல்லவா? அறையைப் பற்றிய முதல் தேவை இங்கேயே பிறந்துவிடுகிறது.

## எவ்வளவு பெரிய இயந்திரம்?

நிமிடத்துக்கு 2280 லிட்டர், 2850 லிட்டர் ஆகியவை இந்தியக் கட்டடங்களில் வழக்கமாகக் காணும் அளவுகள். 2280 லிட்டர் என்றால் நொடிக்கு 38 லிட்டர். கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை இந்தப் பம்பு ஐந்தேகால் நிமிடத்தில் காலி செய்துவிடும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டி இருந்தாலும் முழு வேகத்தில் 44 நிமிடம்தான் தாங்கும்.

அழுத்தத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 20 மீட்டர் உயரக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம்.

1. தண்ணீரை 20 மீட்டர் தூக்கவே சுமார் 2 பார் அழுத்தம் போய்விடும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய 10 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமம்).
2. மேல் மாடியின் கடைக்கோடி ஹைட்ரண்டில் (ஹோஸைப் பொருத்தும் குழாய் வாயில்) தண்ணீர் வீச்சோடு பாய, அங்கே 3.5 பார் மிஞ்ச வேண்டும்.
3. குழாய், வளைவு, வால்வு ஆகியவற்றின் உராய்வுக்கு ஒரு பார் ஒதுக்குவோம்.

கூட்டினால் ஆறரை பார். கொஞ்சம் கூட்டி 7 பார், அதாவது 70 மீட்டர் ‘ஹெட்’ என்று பம்பைத் தேர்ந்தெடுப்பார்கள். நொடிக்கு 38 லிட்டரை 70 மீட்டருக்குத் தள்ள, பம்பின் திறன் இழப்பையும் சேர்த்தால், 50 முதல் 60 ஹெச்பி மோட்டார் தேவைப்படும். வீட்டில் ஓடுவது ஒரு ஹெச்பி, ஒன்றரை ஹெச்பி. இவ்வளவு பெரிய இயந்திரத்தை மாடிப்படிக்கு அடியில் திணித்துவிட முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட அளவைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 150 விழுக்காடு தண்ணீரைத் தள்ளும்போதும் இந்தப் பம்பில் குறைந்தது 65 விழுக்காடு அழுத்தம் நிற்க வேண்டும். எல்லா வால்வும் மூடியிருக்கும்போது அழுத்தம் 120 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சாதாரண பம்பு எல்லாமே இப்படி நடந்துகொள்ளாது. ஹெச்பியும் லிட்டரும் ஒத்துப்போகிறதே என்று விவசாய பம்பு ஒன்றை வாங்கிச் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டால் அது ஃபயர் பம்பு ஆகிவிடாது.

## ஒன்று போதாதா, ஏன் மூன்று?

அறைக்குள் நுழைந்தால் பொதுவாக மூன்று இயந்திரங்கள் இருக்கும்.

முதலாவது ஜாக்கி பம்பு. அளவில் சிறியது, நிமிடத்துக்கு 180 லிட்டர் என்பது வழக்கமான அளவு. எங்கோ ஒரு வாஷர் கசிந்து அழுத்தம் மெல்ல இறங்கினால், இது ஓடி நிரப்பிவிட்டுத் தானே நின்றுகொள்ளும். சின்னக் கசிவுக்கெல்லாம் பெரிய மோட்டார் எழுந்து ஓடக் கூடாது என்பதற்கே இது.

இரண்டாவது, மின்சாரத்தில் ஓடும் பிரதான பம்பு. மூன்றாவது, டீசல் என்ஜினில் ஓடும் மாற்று பம்பு. தீ விபத்துகளில் மின்சாரம் முதலில் போய்விடுவதால் டீசல் தேவைப்படுகிறது.

இவை மூன்றும் அழுத்தத்தைப் பார்த்துத்தான் வரிசையாக எழும். உதாரணமாக, குழாயில் 7 பார் நிற்கிறது என்றால் 6.3-இல் ஜாக்கி, 5-இல் மின்சார பம்பு, 3.5-இல் டீசல் என்று பிரஷர் சுவிட்சுகளை வைக்கலாம். ஒரு ஹைட்ரண்டைத் திறந்ததும் அழுத்தம் சரியும். ஜாக்கியால் ஈடுகொடுக்க முடியாது, மின்சார பம்பு எழும். அதுவும் எழாவிட்டால் அழுத்தம் மேலும் சரிந்து டீசல் என்ஜினின் செல்ஃப் அடிக்கும். நடுவில் மனிதக் கைக்கு வேலை இல்லை.

## தண்ணீர் பம்பின் வாயில் நிற்க வேண்டும்

குறைப்பட்டியலில் மிக அதிகமாகக் குழப்பும் சொல் ‘நெகட்டிவ் சக்‌ஷன்’. தொட்டி கீழே, பம்பு மேலே இருந்து உறிஞ்சி எடுக்கும் அமைப்புக்கு அந்தப் பெயர்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதன் சிக்கல் தெரியும். கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்தால் ஆழத்துத் தண்ணீரை எடுக்காது. அதனால் கிணற்றுக்குள்ளேயே பாதியில் ஒரு திண்டு கட்டி, மோட்டாரை இறக்கி வைப்பார்கள். காரணம், பம்பு தண்ணீரை ‘இழுப்பது’ கிடையாது. பம்புக்குள் அழுத்தம் குறையும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்று அப்படித் தள்ளக்கூடிய உச்ச உயரமே சுமார் 10.3 மீட்டர்தான். குழாய் உராய்வு, தண்ணீரின் வெப்பம் எல்லாம் போக நடைமுறையில் ஐந்து, ஆறு மீட்டர் தேறினால் பெரிது.

அதைவிடப் பெரிய சிக்கல் புட்வால்வு. உறிஞ்சும் குழாயில் தண்ணீர் இறங்கிவிடாமல் அடியில் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு சிறு கல்லோ, பாசியோ, உப்புத் தண்ணீரின் வெள்ளைப் படிவோ அதில் சிக்கினால் குழாய் காலியாகி, காற்று நிறைந்துவிடும். மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் வராது. விவசாயி குடத்தால் தண்ணீர் ஊற்றி, ஏர் போக்கி, மறுபடி ஓட்டிக்கொள்வார். தோட்டத்தில் அரை மணி நேரம் தாமதமானால் ஒன்றும் கெட்டுப்போகாது. எரியும் கட்டடத்தில் அந்த அரை மணி நேரம் கிடையாது. தினமும் ஓடும் மோட்டாரில் புட்வால்வு பழுதானால் அன்றைக்கே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் சும்மா இருக்கும் ஃபயர் பம்பிலோ, தீப் பிடித்த அன்றுதான் தெரியவரும்.

இதனால்தான் 2016-ஆம் ஆண்டின் இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தீயணைப்பு பம்புகளுக்கு நெகட்டிவ் சக்‌ஷனை நேரடியாகவே தடுக்கிறது. சப்மெர்சிபிள் பம்பையும் ஏற்பதில்லை. தொட்டியின் நீர்மட்டம் பம்பைவிட உயரத்தில் இருந்து, வால்வைத் திறந்ததுமே தண்ணீர் தானாக பம்புக்குள் வந்து நிற்க வேண்டும். அதுதான் பாசிட்டிவ் சக்‌ஷன். (விதித்தொகுப்பு பரிந்துரை வடிவ ஆவணம். மாநில விதிகளும் தீயணைப்புத் துறையின் நிபந்தனைகளும் அதைச் சுட்டும்போது அது நம்மைக் கட்டுப்படுத்தும்.)

பம்பின் வாய்க்கு வரும் குழாயிலும் கவனம் வேண்டும். பம்புக்கு ஒட்டி வளைவு வைத்தால் தண்ணீர் சுழன்று, ஒரு பக்கமாக மோதும். அதனால் பம்புக்கு முன் குழாய் நேராகக் கொஞ்ச தூரம் வர வேண்டும். குழாயின் விட்டத்தைக் குறைக்கும் ரெடியூசர், மேல்பக்கம் தட்டையாக இருக்கும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே காற்று தங்கிவிடும். பட்டர்ஃபிளை வால்வை பம்பின் வாயருகே என்எஃப்பிஏ அனுமதிப்பதில்லை, அதன் தட்டு நீரோட்டத்தின் நடுவிலேயே நிற்கும் என்பதால். இட நெருக்கடியில் இந்த மூன்றும்தான் முதலில் பலியாகின்றன.

தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் முதலில் ஃபயர் தொட்டிக்கு வந்து, அது நிரம்பி வழிவது வீட்டுப் பயன்பாட்டுச் சம்புக்குப் போகும்படி அமைப்பது நல்ல முறை. ஃபயர் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும், தண்ணீரும் தேங்கிக் கெடாது. மதுரைக் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் நிலை வந்தால் ஃபயர் தொட்டியின் மேல் எல்லோர் கண்ணும் போகும். அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு பிறகு நிரப்பலாம் என்று ஆரம்பித்து, நிரப்பாமலே மழைக்காலம் வந்துவிடும். அந்தத் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்க்கு இணைப்பே கொடுக்காமல் விடுவதுதான் பாதுகாப்பு.

## அறை எங்கே இருக்க வேண்டும்?

இங்கேதான் உண்மையான முரண்பாடு. தொட்டி பூமிக்கு அடியில் இருந்தால், பாசிட்டிவ் சக்‌ஷனுக்காக பம்பையும் கீழே இறக்க வேண்டும். ஆனால் போய்வர வசதியாகவும் மழைநீருக்குத் தப்பவும் பம்பு தரைமட்டத்தில் இருப்பதே நல்லது. கட்டட வரைபடம் போடும் நாளிலேயே இதைத் தீர்க்காவிட்டால், பிறகு சுவரை உடைத்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

விதித்தொகுப்பு சொல்வதைக் காரணங்களோடு பார்க்கலாம்.

1. முதல் விருப்பம் தரைமட்டம். வெளியிலிருந்து நேராக உள்ளே நுழைய வேண்டும். தீயணைப்பு வண்டியில் வருகிறவர்களுக்கு உங்கள் கட்டடம் புதிது. லாபி, கார் நிறுத்தம், கடை வழியாகச் சுற்றிப்போய் பம்பைத் தேட அவர்களுக்கு நேரம் இருக்காது.

2. அடித்தளத்தில்தான் (பேஸ்மென்ட்) வைக்க முடியும் என்றால், இரண்டாவது அடித்தளத்துக்குக் கீழே போகக் கூடாது. தரையிலிருந்து நேராக இறங்கும் படிக்கட்டு வேண்டும், அல்லது இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் மூடிய நடைவழி வேண்டும். அடித்தளத்தின் வேறு பகுதிகளைக் கடந்து பம்பு அறைக்குப் போகும்படி இருக்கக் கூடாது.

3. சுற்றுச் சுவர்கள் தீத்தடுப்புச் சுவர்களாகவும், கதவு 120 நிமிடம் தாங்கும் ஃபயர் டோராகவும் இருக்க வேண்டும். கம்பி வலை அடித்த கூண்டும், ஷீட் தடுப்பும் இந்தக் கணக்கில் வராது.

4. வேறு எந்தப் பயன்பாட்டு இயந்திரமும் அதே அறையில் கூடாது. ஜெனரேட்டர், கட்டடத்தின் பொது மின் பேனல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மோட்டார் எல்லாம் வேறிடத்தில் இருக்க வேண்டும். ஜெனரேட்டரில் தீப் பிடித்தால், அதை அணைக்க வேண்டிய பம்பும் சேர்ந்து வேகும்.

5. நல்ல காற்றோட்டம் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

இரண்டாவது அம்சத்தின் தீவிரம் நமக்குச் சட்டென்று புரிவதில்லை. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையில் தீ தொடங்கியது அடித்தளத்தில். அங்கே எரியும் பொருட்கள் குவிக்கப்பட்டிருந்தன. தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் மேல் மாடிகளுக்குப் பரவிய புகையால். அடித்தளத்தில் தீப் பிடித்தால் புகை முதலில் அடித்தளத்தையே நிரப்பும். பம்பு அறைக்கான ஒரே வழி அந்தக் கார் நிறுத்தத்துக்குள் என்றால், பம்பை ஓட்டவோ நிறுத்தவோ எவராலும் போக முடியாது.

மதுரைக்கு மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 அக்டோபர் கடைசியில் கொட்டிய கனமழையில் செல்லூர் கண்மாய் நிரம்பி, சுற்றுப்பகுதிகள் வெள்ளத்தில் நின்றதை ஊரே பார்த்தது. கண்மாய் இருந்த இடத்திலும் கால்வாய் ஓடிய வழியிலும் நாம் கட்டியிருக்கும் பகுதிகள் பல. அங்கே அடித்தள பம்பு அறை என்றால் வெள்ளத்துக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். பம்பின் மேடையும் மின் பேனலும் தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட வேண்டும். அறைக்குள் வடிகால் குழியும், அதற்குத் தனி மோட்டாரும் இருக்க வேண்டும். சரிவுப் பாதையின் வாயில் மேடு வேண்டும். என் கருத்தில், தாழ்வான பகுதிகளில் தொட்டியையே தரைக்கு மேல் கட்டி, பக்கத்திலேயே தரைமட்டத்தில் பம்பு அறை வைப்பதுதான் சரி. இரண்டு கார் நிறுத்தும் இடம் போகும், அவ்வளவுதான்.

தொட்டியை மாற்றவே முடியாத பழைய கட்டடங்களுக்கு வெர்டிகல் டர்பைன் பம்பு ஒரு வழி. சுழலும் பகுதி தண்ணீருக்குள் இருக்கும், மோட்டார் மேலே உலர்ந்த தளத்தில் இருக்கும். உறிஞ்சும் வேலையே இல்லை. விலை கூடுதல், மேலே தண்டை உருவி எடுக்க உயரம் வேண்டும். தீயணைப்புத் துறையின் ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு செய்ய வேண்டியது.

நகரின் நடுப்பகுதி இன்னும் கடினம். மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் பண்டிகைக் கால நெரிசலில் தீயணைப்பு வண்டி நுழைவதே பெரும்பாடு. 2020 தீபாவளி நாளில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைத் தீயை அணைக்கும் பணியில் பழைய கட்டடம் இடிந்து விழுந்து, தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். வெளியிலிருந்து உதவி வருவது எவ்வளவு கடினமோ, அவ்வளவுக்கு அந்தக் கட்டடத்தின் சொந்த ஏற்பாடு வலுவாக இருக்க வேண்டும். இடமில்லை என்று மிகச் சுலபமாக விட்டுக்கொடுக்கப்படுவதும் அங்கேதான், அது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

உயரத்தைப் பற்றி ஒரு சிறு விளக்கம். தேசிய விதித்தொகுப்பு 15 மீட்டரிலிருந்தே உயர்மாடி என்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடி என்கிறது. ‘நம்முடையது உயர்மாடி இல்லை, நமக்கு இது வேண்டாம்’ என்ற முடிவுக்கு இதை வைத்து வந்துவிட வேண்டாம். கட்டடத்தின் பயன்பாடும் பரப்பும்கூட தேவையைத் தீர்மானிக்கின்றன.

## மெயினை அணைத்தால் பம்பு நிற்கிறதா?

தீ என்றதும் முதலில் செய்வது ஈபி மெயினை அணைப்பது. அது சரியான செயல்தான். ஆனால் ஃபயர் பம்பின் இணைப்பு அந்த மெயினுக்குப் பின்னால் எடுக்கப்பட்டிருந்தால், மின்சார பம்பும் அதே நொடியில் செத்துவிடும். கட்டடத்தின் மற்ற மின்சாரம் அனைத்தையும் துண்டித்த பிறகும் பம்புக்கு மட்டும் மின்சாரம் வரும்படி, மெயினுக்கு முன்பிருந்தே தனி ஃபீடர் (தனி மின்வழி) எடுக்க வேண்டும். அந்த சுவிட்சின் மேல் ‘தீயணைப்பு பம்பு – அணைக்காதீர்கள்’ என்று தமிழில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். கேபிள் போகும் வழியும் முக்கியம். கார் நிறுத்தத்தின் கூரையோடு திறந்தபடி ஓடும் கேபிள், கீழே ஒரு கார் எரிந்தாலே உருகிவிடும்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். 60 ஹெச்பி மோட்டாரை நேரடியாகத் தொடங்கினால் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஆறு, ஏழு மடங்கு ஒரு கணம் இழுக்கும். லிஃப்ட்டுக்கும் பொது விளக்குக்கும் கணக்குப் போட்டு வாங்கிய ஜெனரேட்டர் அதைத் தாங்காது. இதனால்தான் மோட்டாரை மெல்ல வேகமெடுக்க வைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ விஎஃப்டியோ வைக்கச் சொல்கிறது விதித்தொகுப்பு.

டீசல் என்ஜினுக்கு வேண்டியது காற்று. எரிவதற்கும் வேண்டும், சூட்டைத் தணிக்கவும் வேண்டும். மூடிய அறையில் ஓட்டினால் சற்று நேரத்திலேயே சூடேறித் திணறும். புகைக்குழாயை வெப்பத்தடுப்பு சுற்றி வெளியே, பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அறைக்குள்ளேயே விட்டுவிட்டால் உள்ளே நிற்கும் ஆளுக்கே ஆபத்து. பேட்டரி சார்ஜருக்கு அவசர மின்சுற்றிலிருந்து தனி இணைப்பு தேவை. வடநாட்டுக் குளிரில் என்ஜின் உறையாமல் பார்ப்பார்கள். நமக்குக் கவலை எதிர்ப்பக்கம்: சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில் பேட்டரித் தண்ணீர் வேகமாக வற்றும்.

## அறைக்குள் போய்ப் பாருங்கள்

உங்கள் கட்டடத்தின் பம்பு அறையை ஒரு முறை திறந்து பார்க்க, பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் சாவி. கதவு பூட்டியிருந்து, சாவி பகல் நேரக் காவலாளியிடம் மட்டும் இருந்தால் இரவில் அந்த அறை இல்லாததற்குச் சமம். உள்ளே போனதும் பேனலில் ‘ஆட்டோ – ஆஃப் – மேனுவல்’ என்ற திருகு சுவிட்சைப் பாருங்கள். அது ஆட்டோவில் இருக்க வேண்டும். ஜாக்கி அடிக்கடி ஓடிச் சத்தம் போடுகிறது என்று தரைத்தளத்தில் குடியிருப்பவர் சொல்ல, யாரோ அதை ஆஃபில் வைத்திருப்பார்கள். ஜாக்கி அடிக்கடி ஓடினால் குழாயில் எங்கோ கசிவு என்று பொருள். சரிசெய்ய வேண்டியது கசிவை.

அடுத்து பிரஷர் கேஜ். முள் பூஜ்யத்தில் கிடந்தால் குழாய்கள் காலி. பிறகு டீசல் என்ஜினின் பேட்டரி முனைகள். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் செல்ஃப் எடுக்குமா என்பது சந்தேகம். வால்வுகளின் சக்கரங்களில் எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அட்டை தொங்க வேண்டும். கடைசியாகச் சுற்றிலும் பாருங்கள். பழைய கட்டில், மீந்துபோன பெயின்ட் டப்பா, விழாவுக்குக் கட்டிய ஃபிளெக்ஸ், சீரியல் விளக்குப் பெட்டி. இவை எல்லாம் வெளியே போக வேண்டும், இதற்குச் செலவே இல்லை.

கட்டடத்துக்கு வெளியே, வாசல் பக்கம், தீயணைப்பு வண்டியின் ஹோஸைப் பொருத்த சிவப்பு நிற இணைப்பு வாய்கள் இருக்கும். உங்கள் பம்பு ஓடாமல் போனால், வண்டியிலிருந்து இதன் வழியாகத்தான் மாடிக் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றுவார்கள். அதன் முன்னால் கார் நிறுத்தவோ பூந்தொட்டி வைக்கவோ கூடாது.

## ஓட்டிப் பார்ப்பதிலும் முறை உண்டு

பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வந்து, சுவிட்சைப் போட்டு, அரை நிமிடம் ஓடவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவது சோதனை ஆகாது. மின்சார பம்பை 10 நிமிடம், டீசல் என்ஜினை வாரம் ஒரு முறை 30 நிமிடம் ஓட்டிப் பார்ப்பது, பராமரிப்புக்கான என்எஃப்பிஏ 25 தரநிலை சொல்லும் அளவு. டீசலுக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்றால், என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகுதான் குளிர்விப்பில், காற்றோட்டத்தில் உள்ள குறை வெளியே தெரியும். மேனுவலில் ஓட்டுவதைவிட, வடிகால் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, பம்பு தானாக எழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரஷர் சுவிட்சையும் சேர்த்துச் சோதிப்பது அதுதான்.

ஆண்டுக்கு ஒரு முறை ஃப்ளோ டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரை உண்மையிலேயே ஓடவிட்டு, 100 விழுக்காட்டிலும் 150 விழுக்காட்டிலும் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பது. அந்தத் தண்ணீர் வீணாகாமல் தொட்டிக்கே திரும்பும்படி ஒரு குழாய் போட்டுக்கொள்ளலாம்.

## குறைப்பட்டியல் கைக்கு வந்துவிட்டால்

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய இயலாத சங்கங்கள் நிறைய. பணம் சேர்க்க வேண்டும், எல்லோரையும் சம்மதிக்க வைக்க வேண்டும். வரிசை வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இப்படி வைப்பேன்.

1. இந்த வாரமே: அறையிலுள்ள சாமான்களை அகற்றுவது, சாவியை 24 மணி நேரமும் கிடைக்கும்படி வைப்பது, பேனலை ஆட்டோவில் வைப்பது, தொட்டியை நிரப்புவது, பேட்டரியை மாற்றுவது.
2. அடுத்து மின்சாரம்: மெயினுக்கு முன்பிருந்து தனி ஃபீடர். சுவர் எதையும் இடிக்காமல் செய்யக்கூடிய வேலைகளில் மிகுந்த பயன் தருவது இதுதான். மின்வாரிய விதிகளைத் தெரிந்த, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டும்.
3. பிறகு நெகட்டிவ் சக்‌ஷன்: பம்பைத் தொட்டியின் அடிமட்டத்துக்கு இறக்குவதா, தொட்டியைத் தரைக்கு மேல் கட்டுவதா, டர்பைன் பம்பா என்று மூன்று வழிகளுக்கும் மதிப்பீடு வாங்குங்கள். வெள்ளம் வரும் பகுதியா என்பதை மதிப்பீடு தருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
4. சுவர், கதவு, தனிப் படிக்கட்டு ஆகியவற்றை மூன்றாவதோடு சேர்த்தே திட்டமிடுவது மலிவு. ஒரு முறை பம்பை இறக்கிவிட்டு, பிறகு படிக்கட்டுக்காக மறுபடி இடிப்பது இரட்டைச் செலவு.

வேலையைத் தொடங்குமுன் வரைபடத்தைத் தீயணைப்புத் துறை அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. கட்டி முடித்த பிறகு மாற்றச் சொன்னால் யாருக்கும் மனம் வராது.

பழைய பம்பைக் கழற்றுவதற்கும் புதியதை ஓட்டிப் பார்ப்பதற்கும் இடையே சில நாள்கள் கட்டடத்துக்குப் பாதுகாப்பு இருக்காது. முடிந்தவரை புதிய அறையும் குழாயும் தயாரான பிறகே பழையதில் கை வைக்க வேண்டும். அந்த நாள்களில் வெல்டிங் வேலை நடக்குமானால் பக்கத்திலேயே ஓர் ஆள் தீயணைப்பானோடு நிற்க வேண்டும். இரவில் ஒருவர் மாடி மாடியாகச் சுற்றிவர ஏற்பாடு செய்யுங்கள். பம்பு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இயங்காது என்பதை எல்லா வீடுகளுக்கும், உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.